பொன்னாடை இல்லாத மூணு மாசம்: எங்க பொறியாளர் சங்கத்துல அடுத்து என்ன?

(சென்னை போரூர் பக்கம் இயங்கும் ஒரு சிவில் பொறியாளர் சங்கத்தின் இணைச் செயலாளர் பேசிய எபிசோட் இது. வாசிப்பதற்காகச் சற்றுச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

சிவில் படிச்சிட்டு சைட்ல வெயில்ல நிக்கிறவங்க, இன்னும் அரியர் எழுதிட்டு இருக்கிறவங்க, சிவில் படிச்சிட்டு ஐ.டி. பக்கம் போயிட்டவங்க, எல்லாருக்கும் வணக்கம்.

சங்கம்னு சொன்னதுமே உங்க மனசுல ஒரு படம் ஓடும், தெரியும். ஒரு ஹால், பிளெக்ஸ் பேனர், மேடையில பதினோரு நாற்காலி. வரவேற்புரை, முன்னிலை, தலைமை, வாழ்த்துரை. ஒவ்வொருத்தருக்கும் பொன்னாடை போர்த்தி போட்டோ எடுத்து முடிக்கிறதுக்குள்ள பேச வந்தவருக்கு இருபது நிமிஷம்தான் மிஞ்சும். அப்புறம் சாப்பாடு. இந்த வருஷம் செயற்குழுவில சண்டை போட்டு ஒரு விஷயத்தை வாங்கியிருக்கோம்: அடுத்த மூணு மாச நிகழ்ச்சிகள்ல பொன்னாடை கிடையாது. சாப்பாடு உண்டு. அதுல கை வச்சா சங்கமே கலைஞ்சிடும்.

முதல் நிகழ்ச்சி செப்டம்பர் 15, மாலை ஆறு மணி. பொறியாளர் தினம். 1861-ல் அந்தத் தேதியிலதான் விஸ்வேஸ்வரய்யா பிறந்தார். வழக்கமா அவர் படத்துக்கு மாலை போட்டு, கிருஷ்ணராஜ சாகர் அணையைப் பத்தி நாலு வார்த்தை பேசுவாங்க. நம்ம ஊர்ல அந்த அணை பேரை எடுத்தா பேச்சு நேரா காவிரிக்குப் போயிடும், அது வேற கதை. இந்த வருஷம் அவர் செஞ்ச வேற ஒரு வேலையை எடுத்துக்கிறோம்.

1908 செப்டம்பர்ல ஐதராபாத்தில மூசி ஆறு பெருக்கெடுத்து ஆயிரக்கணக்கான பேர் செத்தாங்க. அடுத்த வருஷம் நிஜாம் அரசு விஸ்வேஸ்வரய்யாவைக் கூப்பிட்டது. நகரத்துக்குள்ள கரையை மட்டும் உயர்த்தினா போதாது, வெள்ளத்தை நகரத்துக்கு மேலேயே பிடிச்சு நிறுத்தணும்னு அவர் சொன்னார். உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர்னு ரெண்டு நீர்த்தேக்கம் அப்படித்தான் வந்துச்சு.

இதை எதுக்கு போரூர்ல உட்கார்ந்து பேசணும்? ஏன்னா நமக்கு மேல செம்பரம்பாக்கம் இருக்கு. முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர்ல அங்கிருந்து திறந்துவிட்ட தண்ணி அடையாறு வழியா எங்கெல்லாம் ஏறுச்சுன்னு உங்க வீட்டுச் சுவர்ல கறை இன்னும் சொல்லும். அதே ஏரி 2019-ல் வறண்டு வெடிச்சுக் கிடந்துச்சு. வெள்ளத்துக்கு இடம் வேணும்னா ஏரியைக் கொஞ்சம் காலியா வச்சிருக்கணும், குடிநீருக்கு வேணும்னா நிரப்பி வைக்கணும். அக்டோபர்ல ஷட்டர் பக்கத்துல நிக்கிற ஒரு பொறியாளர் எதைத் தேர்ந்தெடுப்பார்? மழை வரலைன்னா காலி பண்ணினதுக்குத் திட்டுவாங்க, வந்துச்சுன்னா நிரப்பினதுக்குத் திட்டுவாங்க. நீர்வளத் துறையில இருந்து ஓய்வு பெற்ற ஒருத்தர் இதைப் பத்திப் பேசறார். கேள்வி நேரம் ஒரு மணி நேரம், அதுக்குக் குறையாது.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடிச்ச நிகழ்ச்சி. அக்டோபர் முதல் சனிக்கிழமை காலை, கியூப் டெஸ்ட் பயிற்சி. சிரிக்காதீங்க. கல்லூரியில எல்லாரும் செஞ்சதுதான், ரெக்கார்டு நோட்டும் எழுதினதுதான். ஆனா சைட்ல நடக்கிறது என்ன? கான்கிரீட் லாரி வரும், வெயில்ல ரோட்டுல ஒரு மணி நேரம் நின்னுட்டு வந்திருக்கும், கலவை இறுகியிருக்கும், "கொஞ்சம் தண்ணி விடு"ன்னு மேல இருந்து ஒரு குரல் வரும். ஆனா கியூப்புக்கு மட்டும் தண்ணி விடறதுக்கு முன்னாடியே எடுத்து வச்சிடுவாங்க. இன்னும் மோசமான இடத்துல கியூப்புக்குன்னே தனியா சிமென்ட் கூட்டிக் கலக்குவாங்க. அந்தக் கியூப் பாஸ் ஆகும். தூண்ல போனது வேற கலவை.

அதனால பயிற்சியில அச்சுல எண்ணெய் தடவறதுல இருந்து ஆரம்பிக்கிறோம். 150 மில்லிமீட்டர் அச்சு, 5 சென்டிமீட்டர் கனத்துக்கு ஒரு அடுக்கு, ஒவ்வொரு அடுக்குக்கும் குறைஞ்சது 35 குத்து. அதை உங்க கையால செஞ்சாத்தான் தோள்பட்டைக்குத் தெரியும். அப்புறம் ரிப்போர்ட்டை வாசிக்கிறது. ஒரு உதாரணம் சொல்றேன், எண்கள் நானா போட்டது. எம் 25 கான்கிரீட், 28 நாள், மூணு கியூப். 640, 610, 480 கிலோ நியூட்டன்ல உடையுது. 22,500 சதுர மில்லிமீட்டரால வகுத்தா சராசரி 25.6 வருது. "25 தாண்டிடுச்சு, பாஸ்"னு எழுதத் தோணும். ஆனா மூணாவது கியூப் சராசரியில இருந்து கிட்டத்தட்ட 17 சதவீதம் கீழே இருக்கு. ஐ.எஸ். 456 படி ஒரு கியூப் சராசரியில இருந்து 15 சதவீதத்துக்கு மேல விலகினா அந்த சாம்பிளே செல்லாது. பாஸ் ஆச்சா பெயிலாச்சான்னு பேசவே முடியாது. இதைத் தெரிஞ்ச ஜூனியர் ஒருத்தர் சைட்ல இருந்தா மேஸ்திரியும் யோசிப்பார், கான்ட்ராக்டரும் யோசிப்பார்.

இதுல ஒரு சின்ன தகவல்: இந்திய தர நிர்ணய அமைவனத்தோட இணையதளத்துல இந்த ஐ.எஸ். ஆவணங்களை இப்போ இலவசமாவே இறக்கிக்கலாம். தெருக்கோடி ஜெராக்ஸ் கடையில பழைய பதிப்பை வாங்கற காலம் போச்சு.

அதே மாசம் மூணாவது சனிக்கிழமை "யார் கையெழுத்து?"ன்னு ஒரு கலந்துரையாடல். இதுக்குத்தான் இந்த எபிசோடையே பேச வந்தேன்.

எங்க சங்க அலுவலகத்துல இருந்து மௌலிவாக்கம் ரொம்பத் தூரம் இல்ல. 2014 ஜூன் 28, சனிக்கிழமை சாயங்காலம், மழை. கட்டிட்டு இருந்த 11 மாடிக் கட்டடம் அப்படியே உட்கார்ந்துச்சு. 61 பேர் இறந்தாங்க. பெரும்பாலும் ஆந்திராவுல இருந்தும் நம்ம ஊர்ல இருந்தும் வேலைக்கு வந்த தொழிலாளர்கள். முதல்ல இடி விழுந்ததுதான் காரணம்னு சொல்லப்பட்டது. பிறகு நடந்த விசாரணைகள்ல டிசைன்லயே கோளாறுன்னும், தூண்கள் சுமை தாங்கப் போதாதுன்னும் வெளிவந்தது. பக்கத்துல நின்ன இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பர் 2-ஆம் தேதி வெடி வச்சுத் தகர்த்தாங்க. அந்த வீடியோவைப் பார்க்காதவங்க இருக்க மாட்டீங்க. சில வினாடிதான்.

ஒரு வரைபடம் ஆரம்பத்துல இருந்து கான்கிரீட் ஆகற வரைக்கும் எத்தனை கை மாறுது? அதுல ஒருத்தராவது "இந்தத் தூண் சின்னதா இருக்கே"ன்னு கேட்டிருக்கணுமே. கேட்கிறதுக்கு அறிவு மட்டும் போதாது, பின்னாடி யாராவது நிக்கணும்.

வக்கீலுக்கு பார் கவுன்சில் இருக்கு. ஆர்க்கிடெக்டுக்கு 1972-ல் இருந்து தனிச் சட்டமே இருக்கு. பொறியாளருக்கு நாடு முழுக்கப் பொதுவா அப்படி ஒரு சட்டம் கிடையாது. தமிழ்நாட்டுல 2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், கட்டுமானப் பொறியாளர்னு தனித்தனியா பதிவு பண்ணச் சொல்லுது, யாருக்கு எது பொறுப்புன்னும் சொல்லுது. நல்ல விஷயம். ஆனா இரண்டு வருஷ அனுபவம் உள்ள பையன் முன்னாடியோ பொண்ணு முன்னாடியோ ஒரு தாளை நீட்டி, "சார் ஊர்ல இல்ல, நீயே போட்டுடு"ன்னு சொன்னா, அங்க விதிப்புத்தகம் வந்து நிக்காது. சம்பளம்தான் வந்து நிக்கும்.

அந்த இடத்துல என்ன சொல்லலாம், எதை மெயில்ல எழுதி வைக்கணும், சைட் டைரியில தேதி போட்டு எப்படிக் குறிக்கணும்னு ஒரு வக்கீலும் இரண்டு சீனியர் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்களும் பேசறாங்க. போன் ரெக்கார்டிங் கிடையாது, கம்பெனி பேர் சொல்லக் கூடாது. உங்க அனுபவத்தை மட்டும் சொல்லலாம். நானும் ஒரு தடவை கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லி ஒரு வேலையை விட்டு வந்தவதான். அடுத்த வேலை கிடைக்க அஞ்சு மாசம் ஆச்சு. அந்த அஞ்சு மாசம் எனக்குச் சோறு போட்டது சங்கத்துல அறிமுகமான ஒரு அண்ணன் கொடுத்த எஸ்டிமேட் வேலை. வீரமா இருங்கன்னு யாரும் மேடையில இருந்து சும்மா சொல்லிடலாம். அஞ்சு மாச வாடகைக்கு வழி என்னன்னும் பேசணும் இல்லையா? அதனால அவசரத்துக்கு சின்ன வேலைகளைப் பகிர்ந்துக்கிற ஒரு பட்டியல் அன்னைக்கே தொடங்கறோம்.

மழைக்கு முன்னாடி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதில் சுவர் நடை இருக்கு. நாலு நாலு பேரா தெருத் தெருவா நடந்து காம்பவுண்ட் சுவர்களைப் பார்க்கிறது. சாய்ஞ்சிருக்கா, பின்னாடி மண் குவிஞ்சிருக்கா, தண்ணி வடிய ஓட்டை இருக்கா. செங்கல் சுவர் தன் எடையைத் தாங்கும், நனைஞ்ச மண்ணோட தள்ளலைத் தாங்காது. 2019 டிசம்பர் 2 அன்னைக்கு மேட்டுப்பாளையம் நடூர்ல ஒரு மதில் சரிஞ்சு 17 பேர் தூக்கத்துலயே போனாங்க. எல்லாரும் தலித் மக்கள். அந்தச் சுவர் எதுக்கு அவ்வளவு உயரமா எழுப்பப்பட்டதுங்கறது பொறியியல் கேள்வி மட்டும் இல்ல. ஆனா ஈரம் ஏறின சுவரை முன்கூட்டியே பார்த்துச் சொல்லியிருக்கலாம்ங்கறது எங்க தொழில் சம்பந்தப்பட்டது. பார்த்ததை வீட்டுக்காரர்கிட்ட ஒரு தாள்ல எழுதிக் கொடுப்போம், நகல் வார்டு அலுவலகத்துக்குப் போகும். சிலர் கேட்டைத் திறக்க மாட்டாங்க. "யாருப்பா நீங்க, விலைக்குக் கேட்டு வந்தீங்களா"ன்னு போன வருஷமே கேட்டாங்க.

நவம்பர்ல ஆண்டுப் பொதுக்குழு. கணக்கு வாசிப்பாங்க, தூக்கம் வரும். இருந்தாலும் வாங்க. ஓட்டு போடற உறுப்பினர்ல முப்பது வயசுக்குக் கீழே இருக்கிறவங்களை விரல் விட்டு எண்ணிடலாம், அதனாலதான் பட்ஜெட் பேனருக்கும் நினைவுப் பரிசுக்கும் போகுது. அந்தப் பணத்துல பாதியை ஒரு கம்ப்ரஷன் டெஸ்டிங் மெஷின் வாங்க ஒதுக்கணும்னு நாங்க சிலர் தீர்மானம் கொண்டு வரோம். சின்ன சைட்காரங்க கியூப்பைத் தூக்கிட்டு ஊரைச் சுத்தாம இங்கேயே உடைச்சுப் பார்க்கலாம். ஜெயிக்குமான்னு தெரியல. போன தடவை மூணு ஓட்டுல தோத்தோம்.

மாணவர்களுக்கு எந்த நிகழ்ச்சிக்கும் கட்டணம் இல்ல, அடையாள அட்டை போதும். கியூப் பயிற்சிக்கு வர்றவங்க ஷூ போட்டுட்டு வாங்க, செருப்போட வந்தா உள்ள விட மாட்டோம். மதில் நடைக்குக் குடை, தண்ணி பாட்டில், ஒரு தூக்குக் குண்டு. தூக்குக் குண்டு இல்லைன்னா நூலும் ஒரு நட்டும் எடுத்துட்டு வாங்க, அதுவே போதும்.