மூட்டை காத்தவர்களுக்கும் பங்கு

(வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)



ஜூன் மாதம் பிறந்துவிட்டால் நம் ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதிப் பங்குகளில் பேச்செல்லாம் 13ஆம் தேதியைப் பற்றித்தான். பதுவை நகர்ப் புனித அந்தோனியார் திருவிழா. திருப்பலி எத்தனை மணிக்கு என்று கேட்பவர்களைவிட அசனம் எத்தனை மணிக்கு என்று கேட்பவர்கள் அதிகம். அதில் தவறில்லை. ஆண்டவரும் தம் சொல்லைக் கேட்க வந்தவர்களைப் பசியோடு அனுப்பவில்லை. புல்தரையில் பந்தி அமர்த்தினார்.

அசனம் என்ற சொல் நம் பக்கத்துச் சொல் அல்ல. உணவு என்று பொருள்படும் வடமொழிச் சொல் அது. நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டக் கிறிஸ்தவர்களின் நாவில் ஊறிய சொல். ஓசூரில் சிப்காட் வந்து, தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக எழும்பியபோது தெற்கிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் பெட்டி படுக்கையோடு இதையும் கொண்டுவந்தார்கள். ஊர் கூடிச் சமைத்து, சாதி மதம் கேட்காமல் வருகிறவர் எல்லாருக்கும் போடுகிற சோறு. எலத்தகிரி போன்ற பழைய கத்தோலிக்க ஊர்களிலிருந்து வந்த குடும்பங்களும், வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் குடும்பங்களும் இன்று அதைத் தங்கள் வழக்கமாகவே ஆக்கிக்கொண்டன. பள்ளி மைதானத்தில் பந்தல், புளியமரத்தடியில் அடுப்புக் குழி, இரவெல்லாம் கொதிக்கும் அண்டா. இதைப் பார்க்காத பிள்ளை நம் பங்கில் இல்லை.

சென்ற ஆண்டு திருவிழாவுக்குப் பத்து நாள் முன்பு, காட்டோரத்தில் நிலம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் பங்கு இல்லத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னோம். நின்றுகொண்டே பேசினார்.

"சாமி, எனக்கு ஒரு நேர்ச்சை இருக்குது. ஆடு எல்லாரும்தான் குடுப்பாங்க. நான் காட்டுப்பன்னிக் கறி குடுக்கிறேன். அந்தக் காலத்துல எங்க ஊர் விருந்துன்னா அதுதான்."

வேண்டாம் என்றோம். அவர் முகம் சுண்டிவிட்டது. அவருடைய நிலக்கடலையையும் கேழ்வரகையும் பன்றி எத்தனை முறை உழுதுவிட்டுப் போயிருக்கிறது என்று கணக்குச் சொன்னார். பொய்யில்லை. பயிரைப் பறிகொடுத்தவரிடம் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து சட்டம் பேசுவது நமக்கு எளிதாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பேசவேண்டியிருந்தது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டையும் குற்றம், வேட்டைக் கறியை வைத்திருப்பதும் குற்றம். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மலைக்காடுகள் 2014 முதல் காவேரி வடக்கு வன உயிரினச் சரணாலயம். இதெல்லாம் பெரியவருக்கும் தெரியும்.

சட்டத்தைவிட நம்மை அச்சுறுத்தியது இன்னொன்று. இன்றைக்குப் பன்றி கிடைக்கிறது என்றால் எப்படிக் கிடைக்கிறது? ஈட்டியாலா? சுருக்குக் கம்பி, நாட்டுவெடி, இல்லையென்றால் திருட்டு மின்சாரம் பாய்ச்சிய வேலி. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படிப்பட்ட வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்துக் கிடந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். தப்பிப் பிழைத்த இரண்டு குட்டிகள் அந்த உடல்களை விட்டு அகலாமல் நின்றன. அந்தக் கம்பியை மிதிப்பது யானையாக இருக்கலாம், இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும் பக்கத்து நிலத்துக்காரராகவும் இருக்கலாம். அப்படி வந்த கறியைப் புனிதரின் பெயரால் எப்படிப் பரிமாறுவது?

பெரியவர் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "ஏன் சாமி, நீங்களே ஒரு காலத்துல சாப்பிட்டிருக்கீங்களே."

ஆம், சாப்பிட்டிருக்கிறோம். குருப்பட்டம் பெற்ற புதிதில் மலையடிவாரத்துக் கிளைப்பங்கு ஒன்றில் பூசை முடிந்து இலை போட்டார்கள். என்ன கறி என்று நாம் கேட்கவில்லை. தெரியாததால் அல்ல, தெரிந்துவிடக் கூடாது என்பதால் கேட்கவில்லை. அன்பாகப் போட்டவர்களின் மனம் நோகக்கூடாது என்று அன்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொண்டோம். மனச்சான்றைப் பற்றிக் குருமடத்தில் நான்கு ஆண்டு இறையியல் படித்தவர்களுக்கு அது போதிய சமாதானம் அல்ல.

அதன் பிறகுதான் அவர் உட்கார்ந்தார். பழைய வேட்டை விருந்து எப்படி நடக்கும் என்று சொல்ல ஆரம்பித்தார். தென்மாவட்டங்களில், குறிப்பாகச் சிவகங்கை, திண்டுக்கல் பக்கம், பாரி வேட்டை என்று சொல்வார்கள். ஊரே திரண்டு ஆண்டுக்கு ஒரு முறை காட்டுக்குப் போய், கிடைத்ததைப் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கம். பெரியவரின் சிறு வயதில் அவர் ஊரிலும் அப்படி ஒன்று இருந்திருக்கிறது. நாம் எதிர்பார்த்தது துப்பாக்கிக் கதை, நாய்க் கதை. அவர் சொன்னது கூறு போடுவதைப் பற்றி.

"வேட்டைக்குப் போனவன் வீட்டுக்கும் ஒரு கூறு, போகாதவன் வீட்டுக்கும் ஒரு கூறு. காய்ச்சலா கிடந்தவனுக்கும் உண்டு. புருஷன் இல்லாத பொம்பளை வீட்டுக்கு மொதல்ல குடுத்து அனுப்பணும். கூட ஓடின நாய்க்கும் உண்டு சாமி. கூறு தப்பினா அடுத்த வருசம் காடு ஒண்ணும் குடுக்காதும்பாங்க."

நம் மாவட்டத்தில் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் நிற்கும் நடுகற்களைப் பார்த்திருப்பீர்கள். ஆநிரை மீட்கப் போய்ப் பட்டவன், புலியைக் குத்திப் பட்டவன், பன்றியைக் குத்திப் பட்டவன் என்று எத்தனையோ பேருக்குக் கல் நட்டிருக்கிறார்கள். தொல்காப்பியம் ஆநிரை கவரும் வெட்சித் திணையில் பாதீடு என்று ஒரு துறையைச் சொல்கிறது. கொண்டுவந்ததைப் பகிர்ந்து கொடுப்பது என்று பொருள். அதையடுத்து உண்டாட்டு, அதன் பின் கொடை. பகிர்ந்த பிறகுதான் விருந்து! பெரியவர் தொல்காப்பியம் படித்தவரல்ல.

இப்போது விவிலியத்துக்கு வருவோம். வேட்டை உணவால் ஒரு குடும்பம் உடைந்த கதை தொடக்கநூல் 27ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கண் மங்கிய ஈசாக்கு மூத்த மகன் ஏசாவை அழைத்து, வேட்டையாடிக் கொண்டுவந்து தனக்குப் பிடித்த விதமாகச் சமைத்துத் தரச் சொல்கிறார்; அதை உண்டபின் ஆசி தருவதாகச் சொல்கிறார். இதைக் கேட்ட ரெபேக்கா மந்தையிலிருந்து இரண்டு வெள்ளாட்டுக் குட்டிகளைக் கொண்டுவரச் செய்து சமைத்துவிடுகிறார். யாக்கோபு ஏமாற்றியதைப் பற்றி எத்தனையோ மறையுரைகள் கேட்டிருப்பீர்கள். சமையல் செய்யும் நம் சகோதரிகள் வேறொன்றைக் கவனித்திருப்பார்கள்: ஈசாக்குக்குக் கடைசிவரை வேறுபாடு தெரியவில்லை. குரலில் சந்தேகப்பட்டார், கையைத் தடவிப் பார்த்தார், கறியில் சந்தேகப்படவே இல்லை. அரைப்பு சரியாக இருந்தால் வீட்டாடும் வேட்டைக் கறிதான் போலிருக்கிறது! இதைச் சொன்னதும் பெரியவர் சிரித்துவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போய் நல்ல கிடா ஒன்றைப் பிடித்துவந்து கட்டிவிட்டார்.

காட்டுக் கறி எங்கேயும் எப்போதும் பாவம் என்று நாம் சொல்லவில்லை. வட அமெரிக்காவில் பங்குச் சபையார் ஆண்டுதோறும் மான் கறி விருந்து வைத்து ஏழைகளுக்குப் பணம் திரட்டும் ஊர்கள் உண்டு. அங்கே உரிமம் உண்டு, பருவம் உண்டு, ஒருவர் எத்தனை சுடலாம் என்ற கணக்கும் உண்டு. நம் காட்டின் நிலை வேறு. அதோடு விடுவோம்.

அசன நாள் வந்தது. நல்ல கூட்டம். நம் பங்கில் ஒரு வழக்கம்: குடும்பத்துக்கு இவ்வளவு என்று திருவிழா வரி. வரி கட்டியவர்களுக்கு டோக்கன். கூட்டத்தைச் சமாளிக்க நிதிக்குழு கொண்டுவந்த ஏற்பாடு அது, நாமும் சம்மதித்தோம். டோக்கன் உள்ளவர்கள் முதல் பந்தி, இரண்டாம் பந்தி. நன்கொடை தந்த பெரியவர்களுக்கு மேடைக்குப் பக்கத்தில் மேசை நாற்காலி. நாமும் அங்கேதான் அமர்ந்தோம். கறி நன்றாக இருந்தது என்று இரண்டு முறை சொன்னதாகக்கூட நினைவு.

நம் பங்கில் ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பிள்ளைகள் பலர் இருப்பது உங்களுக்குத் தெரியும். ஒப்பந்த வேலை, ஓர் அறையில் எட்டுப் பேர். ஞாயிறு பூசைக்குக் கடைசி வரிசையில் நிற்பார்கள். அவர்களில் ஏழெட்டுப் பேர் முதல் நாள் இரவு வேலை முடிந்த கையோடு வந்து விறகு இறக்கினார்கள், வெங்காயம் உரித்தார்கள், அண்டா தூக்கினார்கள். யாரும் அழைக்கவில்லை. அவர்களுக்கு வரி இல்லை, ஆகவே டோக்கனும் இல்லை. கடைசிப் பந்தியில் உட்கார்ந்தார்கள். அதற்குள் கறி தீர்ந்துவிட்டது. சோறும் அடியில் தங்கிய குழம்பும் ரசமும் கிடைத்தன. சாப்பிட்டு எழுந்து, அண்டாவைக் கழுவ ஆரம்பித்தார்கள்.

நாம் இதைப் பார்க்கவில்லை. பெரியவர் பார்த்திருக்கிறார். கை கழுவப் போன நம்மை ஓரமாக அழைத்துச் சொன்னார்:

"சாமி, கூறு தப்பிடுச்சு."

அன்றிரவு தூக்கம் வரவில்லை. அவருடைய கறியை வேண்டாமென்று சொன்னது சரிதான். அதோடு சேர்த்து அவருடைய கூறையும் நாம் தள்ளிவிட்டோம். சாமுவேல் முதல் நூல் 30ஆம் அதிகாரத்தை எடுத்தோம். தாவீது 600 பேரோடு சிக்லாகுக்குத் திரும்புகிறார். ஊர் எரிந்து கிடக்கிறது. மனைவி மக்களை அமலேக்கியர் பிடித்துப் போய்விட்டார்கள். துரத்திப் போகும் வழியில், பெசோர் ஓடைக் கரையில் 200 பேரால் அதற்குமேல் நடக்க முடியவில்லை. மூட்டைகளோடு அங்கேயே தங்கிவிடுகிறார்கள். மற்ற 400 பேர் போய் எல்லாவற்றையும் மீட்டு வருகிறார்கள். திரும்பி வந்ததும் அவர்களில் சிலர், இவர்கள் நம்மோடு வரவில்லையே, இவர்களுக்கு ஏன் கொடுக்கவேண்டும், மனைவி மக்களை மட்டும் கூட்டிக்கொண்டு போகட்டும் என்கிறார்கள். தாவீது சம்மதிக்கவில்லை. இது ஆண்டவர் தந்தது. போருக்குப் போனவனுக்கும் மூட்டை காத்தவனுக்கும் ஒரே பங்கு என்கிறார். அன்று முதல் அது இஸ்ரயேலில் சட்டமானது என்று நூல் சொல்கிறது.

அந்த 400 பேரின் வாதத்தை நம் டோக்கனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவர்களாவது ஓடிக் களைத்தவர்கள். நம் அசனத்தில் நிலைமை தலைகீழ். ஓடிக் களைத்தவர்களுக்குத்தான் பங்கில்லை, உட்கார்ந்திருந்தவர்களுக்குப் பங்கு. கொரிந்தில் ஒருவர் பசித்திருக்க மற்றவர் குடிவெறியில் இருந்ததற்காகப் புனித பவுல் அந்தச் சபையைக் கடிந்துகொண்டார். அவர் பேசியது ஆண்டவருடைய திருவிருந்துக்குக் கூடியவர்களிடம்.

நம் திருச்சபை வாழும் இடத்துக்குத் தமிழில் என்ன பெயர் வைத்திருக்கிறோம்? பங்கு. பங்குத்தந்தை, பங்கு மக்கள், பங்குப் பேரவை என்று நாள் முழுவதும் சொல்கிறோம். அந்தப் பெரியவர் கூறு என்றாரே, அதுவும் இதே சொல்தான்.

அடுத்த ஞாயிறு பூசைக்குப் பின் ஜார்க்கண்ட் பிள்ளைகளில் ஒருவரிடம் பேசினோம். வருத்தம் தெரிவித்தோம். அவருக்குத்தான் சங்கடமாகப் போய்விட்டது. பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, தன் மாநிலத்தில் ஜாம்ஷெட்பூருக்கு அருகே தல்மா மலையில் ஆண்டுதோறும் கோடையில் பழங்குடி மக்கள் கூடும் சேந்த்ரா வேட்டை விழாவைப் பற்றிச் சொன்னார். அந்த மலையும் இப்போது சரணாலயம். வேட்டை வேண்டாம், வழிபாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று வனத்துறை ஒவ்வோர் ஆண்டும் கேட்டுக்கொள்ளும். பழைய நாளில் கறியை எப்படிப் பிரிப்பார்கள் என்று கேட்டோம். "எல்லாருக்கும் சமமா, ஃபாதர்" என்றார், இதைக்கூடவா கேட்பார்கள் என்பது போல.

இந்த ஆண்டு பேரவை கூடிச் சில முடிவுகள் எடுத்திருக்கிறது. சண்டை இல்லாமல் எடுக்கவில்லை. வரி கட்டுகிறவர்களுக்கு என்ன மதிப்பு என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களின் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது, பல ஆண்டுகளாகத் திருவிழாவைத் தாங்கியவர்கள் அவர்கள். இருந்தாலும் அசனத்துக்கு டோக்கன் கிடையாது என்று முடிவாயிற்று. மேடைப் பக்கத்து மேசை கிடையாது. முதல் பந்தி அடுப்படியில் நின்றவர்களுக்கும் அண்டா தூக்கியவர்களுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும். கறியை அளந்து போடும் கரண்டியைப் பெரியவர் கையில் கொடுத்திருக்கிறோம். நாம் குழம்பு வாளி தூக்குகிறோம். கடைசிப் பந்தியில் அமர்கிறோம். அங்கே நமக்கு வெறும் ரசம் கிடைத்தால் பெரியவரிடம்தான் முறையிடவேண்டும்.

நேற்று மாலை அந்த ஜார்க்கண்ட் பிள்ளையை வழியில் பார்த்தோம். இந்த முறை நீங்கள் எல்லாரும் முதல் பந்தி, நேரத்துக்கு வந்துவிடுங்கள் என்றோம். சரி என்று தலையசைத்துவிட்டுக் கேட்டார்:

"விறகு லாரி எத்தனை மணிக்கு வரும், ஃபாதர்?"