நாவும் மரபும்

1931-இல் அமெரிக்க இரசாயன அறிஞர் பாக்ஸ் என்பார் பி.டி.சி. என்னும் பொடியைக் கையாளுகையில் அது காற்றிற் பறந்தது. உடனிருந்தவர் மிகக் கைக்கின்றதென்றார்; பாக்ஸுக்கோ யாதொரு சுவையுந் தோன்றவில்லை. இவ்வேற்றுமை பெற்றோர் வழி வருவதென்று ஆய்ந்தோர் தெளிந்தனர். 2003-இல் அதற்குரிய மரபணுவையுங் கண்டனர்.

கைப்புணரும் பெற்றோர்க்கும் அதனை உணராப் பிள்ளை பிறத்தல் உண்டு. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளும் நாவால் வேறுபடுவர். பல நாட்டினருள்ளும் இவ்விருவகையாரும் உளர். ஆதலின் இதனைக் கொண்டு குலப்பெருமை பேச இடமில்லை.

முட்டைக்கோசு முதலியவற்றில் இப்பொடியை யொத்த கைப்புப் பொருள்கள் உள. அவற்றை வெறுக்கும் குழந்தையைப் பிடிவாதமுடையதென்று நாம் அடித்தல் தகுமோ? நமக்கு இனியது அதற்குக் கைத்தல் கூடும். எனினும் பழக்கம் நாவைத் திருத்தும். ஆதலின் இன்சொற் கூறிச் சிறிது சிறிதாக ஊட்டுவோமாக.