மாண்டபின் உடல் எவர் வசம்?

(மயிலாப்பூர் மாங்கொல்லையில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் சாவு. "மாலை நேரத்தில், மலர்மாலைகளுக்கு நடுவே, இதென்ன பேச்சு?" என்று நண்பர் ஒருவர் மேடை ஏறுமுன் கேட்டார். பேசினால் சாவு வந்துவிடும் என்று நம்புகிறவர்களல்ல நாம். பேசாதிருந்தால் வராதிருந்துவிடும் என்றும் நாம் நம்புவதில்லை! ஆகவே பேசுவோம்.

நம் எல்லோருக்கும் பழக்கமான காட்சி ஒன்று உண்டு. மாம்பலத்திலோ மந்தைவெளியிலோ ஒரு தோழர். நாற்பதாண்டுக் காலம் பகுத்தறிவு பேசியவர். புரோகிதரை அழைக்காமல் மணம் முடித்தவர். பிள்ளைகளுக்குத் தேடித் தேடித் தமிழ்ப் பெயர் வைத்தவர். "நான் போனபின் சங்கு ஊதாதீர்கள், வாய்க்கரிசி போடாதீர்கள், உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிடுங்கள்" என்று வாய் ஓயாமல் சொன்னவர். விடியற்காலையில் அவர் மூச்சு நிற்கிறது. ஏழு மணிக்கு மைத்துனர் வருகிறார். எட்டு மணிக்குப் பெரியப்பா மகன் வருகிறார். "ஊர் என்ன சொல்லும்?" என்ற கேள்வி வருகிறது. அந்தக் கேள்வியின் கையைப் பிடித்துக்கொண்டு புரோகிதரும் வந்துவிடுகிறார்! நெற்றியிலே நீறு பூசுகிறார்கள். உயிரோடிருந்தால் அதைத் துடைத்திருக்கக்கூடிய கை அசையாமல் கிடக்கிறது. கழகத் தோழர்கள் மாலையும் கையுமாக வாசலில் நிற்கிறார்கள். துக்க வீட்டிலே தகராறா என்று அஞ்சி, வாய் திறவாமல் கண்ணம்மாபேட்டை வரை நடந்து சென்று திரும்புகிறார்கள். பதினாறாம் நாள் கருமாதிப் பத்திரிகையும் அவர்களுக்கு வந்து சேருகிறது.

மைத்துனரைக் கோபித்துப் பயனில்லை. அவர் பக்கத்தில் ஊர் இருக்கிறது, வழக்கம் இருக்கிறது. போதாக்குறைக்குச் சட்டத்தின் மௌனமும் இருக்கிறது. அந்த மௌனத்தைப் பற்றித்தான் நான் பேச வந்தேன்.

வீட்டை யாருக்கு எழுதுவது, நகையை யாருக்குக் கொடுப்பது என்று உயில் எழுதலாம். பழைய நாற்காலியைக்கூடப் பெயர் சொல்லி எழுதிவைக்கலாம். சட்டம் அதைக் காப்பாற்றும். ஆனால் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் உயிலுக்கு வகுக்கும் இலக்கணம் சொத்தைப் பற்றியது. உயிர் நீங்கிய உடல் எவருடைய சொத்தும் அன்று என்பது ஆங்கிலேயர் நாட்டிலிருந்து வந்த பழைய விதி. சொத்தல்லாததை உயிலில் எழுதினால் அது வேண்டுகோளாக நிற்குமேயன்றிக் கட்டளையாக நிற்காது. நாற்காலிக்கு உள்ள மதிப்பு, அதில் அமர்ந்திருந்தவரின் உடலுக்கு இல்லை!

இந்த விதிக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. இங்கிலாந்திலே ஒருவர், தாம் இறந்தால் தம் உடலை எரித்துவிட வேண்டும் என்று எழுதி, அந்தப் பொறுப்பைத் தோழியார் ஒருவரிடம் ஒப்படைத்தார். அவர் இறந்தார். குடும்பத்தார் அவரைப் புதைத்தார்கள். அந்த அம்மையார் விடவில்லை. உடலை வேறிடத்தில் புதைக்கப்போவதாகச் சொல்லி, தோண்டியெடுக்க அனுமதி பெற்று, இத்தாலியின் மிலான் நகருக்கு எடுத்துச் சென்று எரித்துவிட்டார்! பிறகு, ஆன செலவைக் கேட்டு வழக்குத் தொடுத்தார். 1882இல் தீர்ப்பு வந்தது: தன் உடலை உயில் மூலம் ஒருவருக்கு உரிமையாக்க எவராலும் இயலாது, உடல் உயிலை நிறைவேற்றுவோர் வசம், எரிக்கச் சொன்ன கட்டளை செல்லாது. அந்த அம்மையாரின் துணிவை நான் மெச்சுகிறேன். ஆனால் கடல் கடந்து பிணத்தைச் சுமந்தால்தான் நண்பனின் சொல்லைக் காப்பாற்ற முடியும் என்ற நிலைமையை எவர் மெச்சுவார்?

அதற்கு ஆறாண்டு முன்னதாக இன்னொன்று நடந்தது. அது நம் அடையாற்றோடு தொடர்புடையது. கர்னல் ஆல்காட்டை இங்கே அறியாதவர் இல்லை. பிரம்மஞான சபையை அடையாற்றுக்குக் கொண்டுவந்தவர். தீண்டப்படாதோர் என்று ஒதுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தவர். அவருடைய பிரம்மஞானம் நமக்கு வேண்டாம், பள்ளிக்கூடம் வேண்டும்! அந்த ஆல்காட் அமெரிக்காவில் இருந்தபோது, டி பாம் என்ற பிரபு 1876 மே மாதத்தில் நியூயார்க்கில் இறந்தார். தம்மை எரிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். எரிப்பதற்கு அந்நாட்டில் வழியில்லை. ஆல்காட் உடலைப் பாடம் செய்து வைத்துக் காத்திருந்தார். டிசம்பரில், பென்சில்வேனியாவில் மருத்துவர் ஒருவர் கட்டியிருந்த உலையில் எரித்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்ற நண்பர் ஒருவர் கிடைத்தார், அதனால் நடந்தது. 1907இல் ஆல்காட் இறந்தபோது அடையாற்றிலேயே அவருக்குச் சிதை மூட்டினார்கள்.

நண்பர் வாய்த்தவருக்கு நடக்கிறது, வாய்க்காதவருக்கு நடப்பதில்லை. நம் தலைவர்களுக்கு இயக்கமே காவலாக நின்றது. தந்தை பெரியார் தம் இறுதிப் பேருரையை ஆற்றியது இதோ இந்தத் தியாகராய நகரில், 1973 டிசம்பர் 19 அன்று. ஐந்தாம் நாள் மறைந்தார். பெரியார் திடலிலே சடங்கின்றி அடக்கம் செய்யப்பட்டார். எந்த மைத்துனர் அங்கே பஞ்சாங்கத்தோடு வரமுடியும்? ஆனால் கிளைக் கழகத் தோழனுக்கு யார் காவல்?

ஏன், தலைவருக்கே வழக்காட வேண்டியிருந்ததே! 2018 ஆகஸ்டு 7 மாலை, ஆழ்வார்ப்பேட்டை மருத்துவமனையில் கலைஞர் கண்மூடினார். அண்ணாவின் பக்கத்தில் இடம் கேட்டோம். கிண்டியில் காந்தி மண்டபத்தருகே தருகிறோம் என்றது அன்றைய அரசு. கிரீன்வேஸ் சாலையில், தற்காலிகத் தலைமை நீதிபதியின் இல்லத்திலே இரவில் நீதிமன்றம் கூடிற்று. மறுநாள் காலையில் நீதி கிடைத்தது. மெரினாவில் இடம் கிடைத்தது. உண்டு, வென்றோம். ஆனால் தோழர்களே, "இறந்தவரின் விருப்பம் இதுவெனில் அவ்வாறே செய்க" என்று ஒரு சட்டத்தின் ஒரு வரியைக் காட்டி நாம் வெல்லவில்லை. அப்படி ஒரு வரி இல்லை. ஐந்து முறை முதலமைச்சராக இருந்தவருக்கு இரவெல்லாம் வாதாட வழக்கறிஞர் கூட்டம் இருந்தது. ரிக்ஷா ஓட்டிய தோழனுக்கு?

ஏழையின் உடலைப் பற்றிச் சட்டம் பேசாமலில்லை. 1951இல் சென்னை மாகாணத்தில் உடற்கூறியல் சட்டம் ஒன்று வந்தது. உரிமை கோரி எவரும் வராத உடல்களை மருத்துவக் கல்லூரிகளின் பயிற்சிக்கு அளிக்க வகைசெய்யும் சட்டம். இங்கிலாந்து 1832இலேயே இதற்கு வழிகாட்டியது. அங்கே ஏழைகள் விடுதியில் இறந்த அநாதைகள் அறுவை மேசைக்குப் போனார்கள். அதே ஆண்டில் பேரறிஞர் பெந்தாம் தம் உடலைத் தாமே விரும்பி அறிவியலுக்குத் தந்தார். இவர் மனமுவந்து தந்தார். அவர்களை எவரும் கேட்கவே இல்லை. மருத்துவம் வளர உடல் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் கேட்பாரற்றவனின் உடலை அவன் சம்மதமின்றி எடுத்துக்கொள்ள விரைந்து வந்த சட்டம், "எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கையெழுத்திட்டுத் தருகிறவனுக்குத் துணைநிற்க ஏன் தயங்குகிறது?

சிறிது வெளிச்சம் இருக்கிறது; அதையும் சொல்லவேண்டும். இறந்தவருக்கும் கண்ணியம் உண்டு என்று உச்சநீதிமன்றம் 1995இல் கூறியது. 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம், இரண்டு சாட்சிகள் முன்னால், அவர்களில் ஒருவரேனும் நெருங்கிய உறவினராக இருக்க, எழுதித் தந்தால் அதை மதிக்கச் சொல்கிறது. ஏட்டிலே சரி. நடப்பிலோ, மருத்துவமனை குடும்பத்தைத்தான் கேட்கிறது. குடும்பம் தலையசைக்காவிட்டால் எழுதிய தாள் மடிந்தே கிடக்கிறது. உறுப்புக் கொடையாளரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடைபெறும் என்று 2023 செப்டம்பரில் முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார், நல்ல அறிவிப்பு. ஆனால் கொடுக்க நினைத்தவரின் கையெழுத்தை உறவினர் கிழித்துவிட்டால், மரியாதை எங்கே போய் நிற்கும்?

அண்டை மாநிலமான கேரளத்தைப் பாருங்கள். முதுபெரும் கம்யூனிஸ்டுத் தலைவர் எம்.எம். லாரன்ஸ் 2024 செப்டம்பர் 21 அன்று மறைந்தார். உடலை மருத்துவக் கல்லூரிக்குத் தரவேண்டும் என்பது அவர் விருப்பம் என்றார் மகன். கிறித்தவ முறைப்படி அடக்கம் செய்யவேண்டும் என்றார் மகள். அஞ்சலி செலுத்திய இடத்திலேயே தகராறு! விருப்பத்தை எழுத்தாலோ, சாட்சிகள் முன் வாய்மொழியாலோ தெரிவிக்கலாம் என்ற வகை அங்கே சட்டத்தில் இருந்தது. அவர் வாய்மொழியாகச் சொன்னதற்குச் சாட்சிகள் இருந்தார்கள். உயர்நீதிமன்றம் ஏற்றது, மேல்முறையீட்டிலும் ஏற்றது, 2025 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் தலையிட மறுத்தது. அதுவரையில், ஏறத்தாழ நான்கு மாதம், அந்த உடல் களமசேரியில் காத்துக்கிடந்தது. அந்த மகளை நான் பழிக்கமாட்டேன். பெற்றவருக்காக அழும் உரிமை பிள்ளைக்கு உண்டு, தன் முறையில் வழிபடும் உரிமையும் உண்டு. ஆனால் பெற்றவரின் முடிவை மாற்றும் உரிமை அதில் அடங்காது.

நமக்கு இது புதிய போராட்டமன்று. புரோகிதரில்லாத திருமணம் செல்லாது என்று 1950களில் சென்னை உயர்நீதிமன்றம் கூறியதே, நினைவிருக்கிறதா? எத்தனை தாய்மார்களின் கண்ணீர்! 1967இல் அண்ணா முதலமைச்சரானார். உற்றார் நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினாலும் மோதிரம் அணிவித்தாலும் தாலி கட்டினாலும் செல்லும் என்று சட்டம் செய்தார். முன்பு நடந்தவையும் செல்லும் என்றார். ஒரே சட்டம், ஊர்வாய் அடங்கிற்று! சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967இல் கிடைத்தது, சுயமரியாதைச் சாவுக்கு இன்னும் கிடைக்கவில்லை. எரிப்பதா, புதைப்பதா, கொடுப்பதா, சடங்கு உண்டா இல்லையா என்பதைத் தெளிந்த அறிவோடு எழுதிவைத்தால் அது உறவினரைக் கட்டுப்படுத்தும். அதை நிறைவேற்ற அவர் குறித்துவைத்த நபருக்கே உடலைப் பெறும் உரிமை உண்டு. அந்த நபர் மனைவியாகவும் இருக்கலாம், மகளாகவும் இருக்கலாம், தோழராகவும் இருக்கலாம். இவ்வளவுதான் நாம் கேட்பது. சடங்கு வேண்டும் என்று எழுதுகிறவருக்கும் அதே சட்டம் காவல் நிற்கட்டும். நமக்கு அதில் வருத்தமில்லை.

சட்டம் வரும்வரை என்ன செய்வது? உயிலில் எழுதிப் பெட்டியில் பூட்டிவைக்காதீர்கள். கருமாதி முடிந்தபின் திறக்கப்படும் பெட்டியால் பயனில்லை. தனித்தாளில் எழுதி, இரண்டு சாட்சிகளிடம், ஒருவர் வீட்டு ஆளாக இருக்கும்படி, கையெழுத்து வாங்குங்கள். ஒரு படி மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையிலும், ஒரு படி வட்டக் கழகத்திலும் இருக்கட்டும். கண்ணைக் கொடுக்க எண்ணுகிறவர்கள், ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும் என்பதை வீட்டாருக்குச் சொல்லிவையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மைத்துனரை இப்போதே ஒரு நாள் வீட்டுக்கு அழைத்துச் சோறு போட்டு, அவர் முகத்துக்கு நேராக இதைச் சொல்லிவிடுங்கள். உண்ட வீட்டில் மறுத்துப் பேச அவருக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்!

இத்தகைய சட்டம் ஒன்று வேண்டும் என்ற தீர்மானத்தை இக்கூட்டத்தின் சார்பில் சட்டமன்றத்திலுள்ள நம் உறுப்பினர்களுக்கு அனுப்பிவைக்கும்படி வட்டச் செயலாளரைக் கேட்டுக்கொண்டு, விடைபெறுகிறேன்.