ஐந்து பேரின் ஒரே சுயசரிதை



சுயசரிதை என்றால் ஒருவர் தன் கதையைத் தானே சொல்வது. ஐந்து பேர் சேர்ந்து ஒரே சுயசரிதை எழுதினால்? பிரிட்டனில் 2008 அக்டோபரில் அப்படி ஒரு புத்தகம் வந்தது. 'கேர்ள்ஸ் அலவுட்' என்ற பாப் பாடகியர் குழுவின் கதை அது. பெயர் 'ட்ரீம்ஸ் தட் கிளிட்டர்'. படித்தவர்கள் இரண்டு கட்சியானார்கள். ஐந்து பெண்களும் எதிரே உட்கார்ந்து பேசிய மாதிரி இருக்கிறது என்று மகிழ்ந்தது ஒரு கட்சி. ஏற்கெனவே தெரிந்த கதையை வழவழப்பான படங்களோடு மறுபடி விற்றிருக்கிறார்கள் என்று சலித்துக்கொண்டது இன்னொரு கட்சி. என்னைக் கேட்டால், இரண்டு கட்சியும் சரியாகத்தான் படித்திருக்கிறது.

குழு பிறந்த கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2002-இல் ஐ.டி.வி. தொலைக்காட்சியில் 'பாப்ஸ்டார்ஸ்: தி ரைவல்ஸ்' என்ற போட்டி நடந்தது. நேயர்கள் வாக்களித்துப் பெண்கள் குழு ஒன்றையும் ஆண்கள் குழு ஒன்றையும் தேர்ந்தெடுத்தார்கள். கிறிஸ்துமஸ் வாரத்து விற்பனைப் பட்டியலில் யாருடைய பாட்டு முதலிடம் பிடிக்கிறது என்பதுதான் பந்தயம். ஷெரில், நடீன், சாரா, நிக்கோலா, கிம்பர்லி என்ற ஐந்து பெண்கள் பாடிய 'சவுண்ட் ஆஃப் தி அண்டர்கிரவுண்ட்' ஜெயித்தது. தொலைக்காட்சிப் போட்டியில் முளைத்த குழுக்கள் ஒரு வருஷம் தாங்கினாலே பெரிது. இவர்களுடைய இருபது பாட்டுகளோ 2009-இன் தொடக்கம் வரை வரிசையாக முதல் பத்து இடங்களுக்குள் வந்தன.

இந்தப் பெண்களின் வாழ்க்கையில் சுவையான சம்பவங்களுக்குப் பஞ்சமில்லை. டெர்ரி நகரத்துப் பெண்ணான நடீன் கோய்ல், அந்த ஐ.டி.வி. போட்டிக்கு முந்தைய வருஷம் அயர்லாந்தில் நடந்த இதே மாதிரிப் போட்டியில் தேர்வாகியிருந்தார். அங்கே பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும், நடீனுக்குப் பதினாறு. வயதைக் கூட்டிச் சொல்லிச் சமாளித்து வந்தவர், ஒருநாள் கேமரா முன்னால் பிறந்த தேதியைக் கேட்டதும் உண்மையான தேதியையே, வருஷத்தோடு, சரளமாகச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் உறைத்தது. பாஸ்போர்ட்டைக் காணோம் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை, குழுவை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. ஆனால் இதையெல்லாம் அந்த நாட்டு ரசிகர்கள் தொலைக்காட்சியிலேயே பார்த்துவிட்டார்களே! கேமரா முன்னாலேயே வளர்ந்தவர்கள் சுயசரிதை எழுதினால் வரும் சங்கடம் இது. போதாக்குறைக்கு, இந்தப் புத்தகம் கடைக்கு வரும் முன்பே அதன் பகுதிகளை வெளியிடும் உரிமையை 'ஓகே' பத்திரிகை வாங்கிவிட்டது.

வெளியான நேரத்தையும் பாருங்கள். அதே அக்டோபரில் 'தி பிராமிஸ்' என்ற பாட்டு வந்து முதலிடம் பிடித்தது. நவம்பரில் 'அவுட் ஆஃப் கன்ட்ரோல்' ஆல்பம்; அதுவும் முதலிடம். பிரிட்டனில் பிரபலங்களின் புத்தகங்கள் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான் இறங்கும். கிறிஸ்துமஸ் பரிசு வியாபாரம்! வாங்குகிறவர் அத்தை, படிக்கிறவள் பதிமூன்று வயது மருமகள். அவளுக்குப் படங்களும் அரட்டையும் வேண்டும், கிடைத்தன. அதே புத்தகத்தை முப்பது வயதுக்காரர் கையில் எடுத்தால், சண்டை எங்கே, பணக் கணக்கு எங்கே என்று தேடுவார். அந்த வருஷம் ஷெரிலின் மணவாழ்க்கையைப் பத்திரிகைகள் துவைத்துக் காயப்போட்டுக் கொண்டிருந்தன. அதைப் பற்றி அவர் வாயாலேயே கேட்கலாம் என்று புரட்டியவர்களும் இருந்திருப்பார்கள்.

ஆனால் நாளைக் காலை ஒரே வண்டியில் ஏறிப் போக வேண்டிய ஐந்து பேர், ஒருவரைப் பற்றி ஒருவர் எவ்வளவுதான் எழுத முடியும்? கல்யாண வீட்டில் எடுக்கிற குடும்பப் படம் மாதிரிதான். காலையில் பந்தியில் முறைத்துக்கொண்டவர்களும் படத்தில் தோளோடு தோள் நிற்பார்கள். படம் பொய்யில்லை, ஆனால் அதை வைத்துக் குடும்ப வரலாறு எழுத முடியாது.

குழு கலைந்த பிறகு எழுதியவர்களைப் படித்தால் வித்தியாசம் தெரியும். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்திலிருந்து வந்த 'சுப்ரீம்ஸ்' குழுவை நேயர்களில் சிலர் கேட்டிருக்கலாம். 1960-களில் கொடிகட்டிப் பறந்தவர்கள். அதில் ஒருவரான மேரி வில்சன் 1986-இல் 'ட்ரீம்கேர்ள்' என்ற தன் கதையை வெளியிட்டார். உடன் பாடிய டயானா ராஸ் முன்னுக்கு வந்ததும், ஃப்ளோரன்ஸ் பேலர்ட் ஓரம் கட்டப்பட்டு 1967-இல் குழுவை விட்டுப் போனதும், 32 வயதில் இறந்துபோனதும் அதில் ஒரு தோழியின் பார்வையில் வருகின்றன. அந்தப் புத்தகத்துக்கும் ஏகமனதான வரவேற்பு இல்லை. டயானாவின் ரசிகர்களுக்கு அது பழைய கணக்கைத் தீர்க்கும் வேலையாகப் பட்டது. இருக்கட்டுமே; எரிச்சலாவது வந்ததே! எல்லோரும் எல்லோரையும் பாராட்டும் புத்தகத்தில் அதுகூட வராது.

கேர்ள்ஸ் அலவுட் 2013-இல் கலைந்தது. அதே வருஷம் கிம்பர்லி வால்ஷ் தனியாக ஒரு புத்தகம் எழுதினார். ஷெரில் அதற்கு முந்தைய வருஷமே எழுதிவிட்டார். ஆனால் என்னை நிறுத்தியது சாரா ஹார்டிங் எழுதிய 'ஹியர் மீ அவுட்'. 2021 மார்ச்சில் வந்தது. மார்பகப் புற்றுநோய் உடம்பில் பரவிவிட்ட நிலையில் எழுதியது. வலி தொடங்கியபோது, கிட்டார் வாசிக்கிற பழக்கத்தால் அதன் வார் உரசித்தான் வலிக்கிறது, வெறும் கட்டியாக இருக்கும் என்று தன்னையே நம்பவைத்துக்கொண்டதைச் சொல்கிறார். கொரோனா காலம் வேறு; மருத்துவமனைக்குப் போவது தள்ளிப்போனது. அடுத்த கிறிஸ்துமஸைப் பார்ப்பது கடினம் என்று மருத்துவர் சொன்னதையும், எத்தனை நாள் என்ற கணக்கு தனக்கு வேண்டாம் என்று தான் சொன்னதையும் பூசி மெழுகாமல் எழுதுகிறார். புத்தகம் வந்த அதே வருஷம் செப்டம்பரில் சாரா காலமானார். வயது 39.

ஐவரும் சேர்ந்து எழுதிய புத்தகத்தில் கலகலப்பான பெண்ணாகத் தெரிந்தவர்தான் இவரும். ஆகவே கையில் கிடைத்தால் முதலில் 2008 புத்தகத்தை ஒரு மாலை புரட்டுங்கள், படங்களையும் விடாமல் பாருங்கள். பிறகு சாராவின் புத்தகத்தை எடுங்கள். இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், யோசிக்காமல் இரண்டாவதை வாங்குங்கள்.