இடக்கரடக்கலும் இளையோர் நலமும்



கல்லில் உருவம் காணும் சிற்பிகளின் ஊர் மயிலாடி. உளியோசைக்கு நடுவே பத்தாண்டுகளாகக் கவிதை வளர்த்துவரும் இவ்வட்டத்தில், பேசக் கூசும் பொருளொன்றைப் பேச வந்துள்ளேன்.

சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் நன்னூல் நடத்தினேன். தகுதி வழக்கில் ஒன்றான இடக்கரடக்கலை விளக்கி முடித்ததும் மாணவி ஒருத்தி அருகில் வந்து, "அம்மா, பால்வினை நோய் என்பதும் இடக்கரடக்கல்தானா? அது எப்படி வருகிறதென்று யாரிடம் கேட்பது?" என்றாள். "பிறகு பேசலாம்" என்றேன். முனைவர் பட்டம் பெற்ற நாவுக்கு அன்று சொல் எழவில்லை. அந்தப் 'பிறகு' வருவதற்குள் ஒரு பருவம் கழிந்துவிட்டது.

பின்னர்தான் எண்ணிப் பார்த்தேன். 'கால் கழுவி வந்தான்' என்றால் கேட்போர்க்குப் பொருள் விளங்குகிறது. இடக்கரடக்கல் சொல்லைத்தான் மறைக்கிறது, பொருளை மறைப்பதில்லை. மேகம், வெட்டை என்று பெயரிட்டுச் சித்த மருத்துவர்களும் இந்நோய்களைப் பேசினார்கள். நாமோ சொல்லோடு பொருளையும் புதைத்துவிட்டோம்.

1986இல் சென்னையில், மருத்துவர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் அவர்தம் மாணவி நிர்மலா, தயக்கத்தை வென்று பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் குருதி மாதிரிகள் திரட்டினார். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அவற்றால்தான் முதன்முதலில் தெரியவந்தது. அவர் கூசி நின்றிருந்தால்?

இன்று நான் மாணவர்க்கு நேராகவே சொல்கிறேன். பாதுகாப்பற்ற உடலுறவு, தொற்றுள்ள குருதி, பகிர்ந்த ஊசி ஆகியவற்றாலும், தாயிடமிருந்து சேய்க்கும் எச்.ஐ.வி. பரவும். கை குலுக்குவதாலோ, ஒரே கலத்தில் உண்பதாலோ, கொசுக்கடியாலோ பரவாது. ஒவ்வொரு முறையும் ஆணுறையை முறையாக அணிந்தால் எச்.ஐ.வி.யையும் பிற பால்வினை நோய்கள் பலவற்றையும் பெரிதும் தடுக்கலாம். ஐயம் எழுந்தால் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் இலவசமாகச் சோதித்துக்கொள்ளலாம். கூட்டு மருந்தும் அரசால் 2004 முதல் இலவசமாக வழங்கப்படுகிறது. அதனைத் தவறாது உண்டு, கிருமி கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்து நிலைத்தவரிடமிருந்து உடலுறவால் தொற்று பரவாது.

பாவலர்களிடம் ஒரு வேண்டுகோள். 'பால்வினை' என்பதிலுள்ள வினை, செயலைக் குறிப்பது, பாவத்தின் கூலியன்று. கவியரங்குகளில் ஊழலையும் வரதட்சணையையும் 'சமுதாயத்தின் எய்ட்ஸ்' என்று உருவகம் செய்கிறோம், கைதட்டலும் பெறுகிறோம். அந்த அவையின் கடைசி வரிசையில் தொற்றுள்ள ஒருவர் அமர்ந்திருக்கலாம். அவரை ஒதுக்குவதைத் தடுக்க 2017இல் சட்டமே இயற்றப்பட்டுவிட்டது. சட்டத்துக்குப் பின்னால் கவிதை நடக்கலாமா?

அன்று கேட்ட மாணவி இன்று ஓர் ஆசிரியை. அவளிடம் ஒரு சிறுமி கேட்டால், "பிறகு" என்று அவள் சொல்லமாட்டாள் என்னும் நம்பிக்கையோடு அமைகிறேன்.