வளைவில் நழுவாத ஆசனம்



சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் சாலையில், இருங்காட்டுக்கோட்டையில், 1990-ஆம் ஆண்டு முதல் மோட்டார் பந்தயப் பாதை ஒன்று இருந்து வருகிறது. அதற்கு முன் சோழவரத்துப் பழைய விமானத் தளத்தில்தான் பந்தயங்கள் நடைபெற்றன. பந்தய வீரரல்லாதாரும் தத்தம் சொந்தக் காரை இருங்காட்டுக்கோட்டையில் ஓட்டிப் பழகச் சில நாட்கள் உண்டு. அத்தகைய நாளொன்றில் என் பழைய மாணவன் என்னையும் உடன் அமர்த்திக்கொண்டான்.

தலைக்கவசம் அணிந்திருந்தோம், பெல்ட்டும் மாட்டியிருந்தோம். வலப்புறம் திரும்பும் வளைவொன்றில் அவன் உடல் என் பக்கமாகச் சரிந்தது. விழாதிருக்க ஸ்டியரிங் சக்கரத்தை இறுகப் பற்றினான்; பற்றிய கை சக்கரத்தையும் இழுத்துவிட்டது. கார் சுழன்று புல்தரையில் போய் நின்றது. காயமில்லை. ஆயினும் என் முழங்கால்களின் நடுக்கம் அடங்கச் சிறிது நேரமாயிற்று.

அவனைத் தள்ளியது எது? எதுவும் தள்ளவில்லை. கார் திரும்பிற்று, உடல் நேரே செல்ல முயன்றது. 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்ளுங்கள். அஃதாவது நொடிக்கு 20 மீட்டர். வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் 8 கிடைக்கும். புவியீர்ப்பு முடுக்கத்தில் ஐந்தில் நான்கு பங்கு. 60 கிலோ எடையுள்ளவனைத் தாங்க, ஏறக்குறைய 48 கிலோ மூட்டையைத் தூக்கும் வலிமை பக்கவாட்டில் வேண்டும். (கணக்கை நம்பாதவர் தாமே போட்டுப் பார்க்கலாம்.)

சாதாரண காரின் ஆசனம் ஏறி இறங்க எளிதாயிருக்கவே செய்யப்பட்டது. அதன் விளிம்புகள் தாழ்ந்தவை. 1959-இல் வோல்வோ கார்களில் நில்ஸ் போலின் அமைத்த மும்முனை பெல்ட் மோதலில் உயிர் காப்பது. வளைவில் பக்கவாட்டுச் சரிவை அது அதிகம் தடுப்பதில்லை. மெல்ல இழுத்தால் நீள்வதும், வெடுக்கென இழுத்தால் பூட்டிக்கொள்வதும் அதன் இயல்பு.

அந்த இயல்பையே பயன்படுத்தலாம். கார் நின்றிருக்கும்போது ஆசனத்தைச் சிறிது பின்னே தள்ளி, பெல்ட்டை மாட்டி, இடுப்புப் பட்டை வயிற்றின் மேலன்றி இடுப்பெலும்பின் மேல் படியுமாறு இழுத்துவிட வேண்டும். பிறகு தோள்பட்டையை வெடுக்கென இழுத்துப் பூட்டவைத்து, அது தளராதபடியே ஆசனத்தை முன்னே நகர்த்தினால் பெல்ட் இறுகும். எல்லாக் கார்களிலும் இப்பூட்டு நிலைத்திராது. ஆசனம் தண்டவாளத்தில் 'க்ளிக்' என்று பதிந்ததா என்பதையும் அசைத்துப் பார்க்க வேண்டும்.

கால்களுக்கும் வேலையுண்டு. கிளட்சுக்கு இடப்புறமுள்ள கால்தாங்கியை இடக்காலால் உந்தினால் இடுப்பு ஆசனத்தில் பதியும். இடப்புற வளைவில் வலமுழங்காலைக் கதவில் சாய்த்துக்கொள்ளலாம்.

பந்தயக்காரரின் நான்கு முனை வாரைச் சாதாரண ஆசனத்தில் கட்டுவதை நான் ஆதரிக்கமாட்டேன். தோள்வார்கள் இடுப்புவாரை மேலே இழுக்க, மோதலில் உடல் அதன் கீழே வழுக்கிச் செல்லக்கூடும். பட்டை வயிற்றை அழுத்தும். மேலும், உருளுதலைத் தாங்கும் இரும்புச் சட்டமில்லாத காரில், கூரை நசுங்கினால் நிமிர்ந்தே கட்டுண்டவன் குனியவும் இயலாது.

மீண்டும் புறப்படுமுன் அவன் பெல்ட்டை இவ்வாறு இறுக்கிக்கொண்டான். "ஐயா, நீங்களும்" என்றான். அதே வளைவு வந்தது. இம்முறை அவன் விரல்கள், கரும்பலகையில் எழுதுபவன் சாக்குக்கட்டியைப் பிடிப்பதுபோல், சக்கரத்தின் மேல் இலேசாக இருந்தன.