மழை பெய்யும் இரவில் ஆற்றங்கரையில் யார்?



நீர்வடிப்பகுதி பற்றிய கருத்தரங்கின் தலைமை உரை, நீரின் பெருமையில் தொடங்க வேண்டும் என்பது நம் வழக்கம். அதை நான் சொல்லி நீங்கள் கேட்டதாகவே வைத்துக்கொள்வோம். நேரே ஓர் ஏரிக்குப் போய்விடுகிறேன்.

2014 ஆகஸ்ட் 2 விடியற்காலை, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள டொலிடோ நகரத்தாருக்கு ஓர் அறிவிப்பு வந்தது. குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், காய்ச்சியும் குடிக்காதீர்கள். காய்ச்சினால் நீர்தான் ஆவியாகும். நஞ்சு இன்னும் அடர்த்தியாகப் பாத்திரத்தில் தங்கும். ஊருக்குத் தண்ணீர் தரும் ஈரி ஏரியில் நீலப்பச்சைப் பாசி மண்டி, மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சு சுத்திகரிப்பு நிலையத்தையும் தாண்டி வந்துவிட்டது. கடல்போல் நீர் விரிந்து கிடக்கும் கரையில் சுமார் 4 லட்சம் பேர் பாட்டில் தண்ணீருக்கு அலைந்தார்கள். தடை நீங்கியது ஆகஸ்ட் 4 அன்று.

இத்தனைக்கும் அது ஒருமுறை மீட்கப்பட்ட ஏரி. 1960-களில் 'செத்த ஏரி' என்றே அதைச் சொன்னார்கள். 1972-இல் அமெரிக்காவும் கனடாவும் ஒப்பந்தம் போட்டன. பாசியை வளர்க்கும் பாஸ்பரஸைக் கழிவுநீர் நிலையங்களில் அகற்றினார்கள், சலவைத்தூளில் அதைக் குறைத்தார்கள். ஆண்டுக்கு 11,000 டன்னுக்கு மேல் பாஸ்பரஸ் வரக்கூடாது என்று பிறகு வகுத்த இலக்கை 1980-களில் எட்டியும் விட்டார்கள். ஏரி தெளிந்தது. கழிவுக் குழாய்க்கு வாய் உண்டு, அந்த வாய்க்கு உரிமையாளர் உண்டு, அவருக்கு ஒரு முகவரி உண்டு. அதனால்தான் அந்த வேலை முடிந்தது.

மிச்சம் இருந்தது முகவரி இல்லாத மாசு. 'புள்ளியற்ற மூலம்' என்று நம் பாடநூல்கள் எழுதுகின்றன. எனக்கு அந்தச் சொல் ஒட்டவில்லை. என் வகுப்பில் 'வாயில்லா மாசு' என்றே சொல்லி வந்திருக்கிறேன். டொலிடோ வழியாக ஏரியில் சேரும் மாமி ஆற்றின் வடிப்பகுதி ஏறத்தாழ 17,000 சதுர கிலோமீட்டர். ஒரு காலத்தில் அதில் பெரும் பரப்பு சதுப்பு நிலம். 19-ஆம் நூற்றாண்டில் மண்ணுக்கடியில் சுட்ட களிமண் குழாய்களைப் புதைத்து நீரை வடித்து, வயலாக்கினார்கள். இன்று மக்காச்சோளமும் சோயாவும் விளைகின்றன.

அங்கே ஒரு ஹெக்டேரிலிருந்து ஆண்டுக்கு ஆற்றில் போகும் பாஸ்பரஸ் ஒன்றிரண்டு கிலோதான். நம் விவசாயி மணிச்சத்து என்கிறாரே, அதுதான். உரக்கணக்கு பார்க்கிறவருக்கு அது கைதவறிச் சிந்தியது. அதற்காக யாரும் வருத்தப்பட மாட்டார்கள். ஏரிக்கோ அதுவே விருந்து. யாரும் குற்றம் செய்யவில்லை. ஏரி மட்டும் கெட்டுவிட்டது. சட்டம் இந்த இடத்தில் தடுமாறுவதில் வியப்பில்லை. 1972-இன் அமெரிக்கத் தூய நீர்ச் சட்டம் குழாய்களுக்கு அனுமதிச்சீட்டு வைத்தது. 1987-இல் வாயில்லா மாசுக்கென்று ஒரு பிரிவைச் சேர்த்தபோது, வயல்களுக்குக் கட்டளை வரவில்லை, மானியம்தான் வந்தது.

இனிமேல் சொல்வதைத்தான் இளம் ஆய்வாளர்கள் கவனிக்க வேண்டும். மண்ணரிப்பைத் தடுக்க அந்த வயல்களில் உழவில்லாச் சாகுபடியைப் பரப்பினார்கள். பலனும் கிடைத்தது: வண்டல் குறைந்தது, வண்டலோடு ஒட்டிவரும் பாஸ்பரஸும் குறைந்தது. ஆனால் 1990-களின் நடுவிலிருந்து கரைந்த பாஸ்பரஸ் ஏறத் தொடங்கியது. காரணம் ஒன்றல்ல. உழாத நிலத்தில் தூவிய உரம் மேல்மண்ணின் சில சென்டிமீட்டரிலேயே நிற்கிறது. மழைநீர் அதைக் கரைத்து, வெடிப்புகளும் மண்புழுத் துளைகளும் வழியே அடிக்குழாய்க்கு இறங்கி ஓடைக்குப் போய்விடுகிறது. பாசிக்கு மிக எளிதில் செரிக்கும் வடிவம் அதுவே. மண்ணைக் காத்தவர்கள் தவறு செய்யவில்லை. ஒரு கதவை அடைத்தபோது இன்னொன்று திறந்து கிடந்தது.

கரைந்தது ஏறியது எப்படித் தெரியவந்தது? அதே மாநிலத்தின் டிஃபின் என்ற சிறு நகரில் உள்ள ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தார் 1970-களின் நடுவிலிருந்து ஆறுகளில் தானியங்கிக் கருவி வைத்து, நாளுக்குப் பல முறை நீர் எடுத்துவந்தார்கள். அந்தக் குறிப்பேடு இல்லாவிட்டால், வண்டல் குறைந்ததைக் காட்டி விழா எடுத்திருப்பார்கள். ஆண்டின் பாஸ்பரஸ் சுமையில் பெரும்பகுதி சில பெருமழை நாட்களிலேயே கீழே வந்துவிடுகிறது. மாதம் ஒருமுறை, வெயில் நாளில், பாலத்தின் மேல் நின்று வாளியை இறக்குகிறவர் அதைப் பார்க்கவே மாட்டார்.

என் மாணவர்களும் அப்படித்தான் ஜனவரி வெயிலில் பாட்டில் நிரப்பிவந்தார்கள். ஆய்வேட்டில் கையெழுத்துப் போட்டவன் நான். வடகிழக்குப் பருவமழை முடிந்து, போகவேண்டியதெல்லாம் போனபிறகு!

நம் சங்கிலித்தொடர் ஏரிகள் இதையெல்லாம் அன்றே தீர்த்துவிட்டன என்று இங்கே ஒரு கட்டுரை சொல்லக்கூடும். பாதி உண்மை. ஏரியில் படிந்த வண்டலைக் கோடையில் வண்டியில் ஏற்றி வயலில் கொட்டியது, வண்டலோடு வந்த மணிச்சத்தைத் திருப்பி அனுப்பிய ஏற்பாடு. ஆனால் கரைந்தது படியாது. கலிங்கு வழியே அடுத்த ஏரிக்குப் போகும். டிஏபி உர மூட்டை வராத காலத்துக் கணக்கை இன்றைக்கு அப்படியே போட முடியாது.

ஈரி ஏரிக்குத் திரும்புவோம். அங்கே வரும் பாஸ்பரஸை 2008-ஆம் ஆண்டு அளவிலிருந்து 2016-இல் இரு நாடுகளும் 40 விழுக்காடு குறைக்க ஒப்புக்கொண்டன. மாமி ஆற்றில் மார்ச் முதல் ஜூலை வரை வரும் நீருக்கு, மொத்த பாஸ்பரஸ் 860 டன், கரைந்தது 186 டன் என்று தனித்தனியே வரம்பு வைத்தார்கள். பாசி இன்னும் ஆண்டுதோறும் வருகிறது. என்றாலும் கரைந்ததற்குத் தனி எண் வைத்ததை நான் பெரிதாக நினைக்கிறேன்.

கட்டுரை படிப்பவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். படம் காட்டும்போது, நீர் எடுத்த தேதியையும் அதற்கு முந்திய 3 நாள் மழையளவையும் ஓரமாகப் போட்டுக் காட்டுங்கள். போடாதவரிடம் முதல் கேள்வி என்னுடையதாக இருக்கும். முதல் அமர்வைத் தொடங்கலாம்.